டீசல் பொலேரோவில் 19.74 லிட்டர் பெட்ரோல்

தவறிப் பெட்ரோல் போட்டுக் கெட்ட என் டீசல் வண்டியைச் சரிசெய்து, இன்ஜினில் டீசல் கசிவை அளக்கக் கட்டிய நாலு பாட்டிலிலும் நேற்று சாயங்காலம் டீசல் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்து நின்றது. 22, 23, 22, 24 மில்லி. இந்த நாலு எண்களைப் பார்க்க மூன்று வாரமும் 13,390 ரூபாயும் ஆகியிருக்கிறது. மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதிவிடுகிறேன், தப்பாகச் செய்ததையும் சேர்த்து. அதுதான் அதிகம்.

வண்டி 2014 மாடல் பொலேரோ. 2,523 சிசி, நாலு சிலிண்டர், காமன் ரெயில் டீசல் (எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே குழாயிலிருந்து கடும் அழுத்தத்தில் டீசல் போகிற வகை), 60 லிட்டர் டேங்க். எனக்கு வீரவநல்லூரில் உரமும் விதையும் விற்கிற கடை. கார் பருவ நெல் சாகுபடி தொடங்குகிற நேரம் என்றால் வாரத்துக்கு இரண்டு நடை திருநெல்வேலி போய்ச் சரக்கு ஏற்றி வரவேண்டும். அன்றைக்கும் முன்னீர்பள்ளம், பத்தமடை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். டீசல் முள் கீழே கிடந்ததால் வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தினேன். அதே நேரம் போன். அம்பை 16 நெல் விதை இருக்கிறதா, எத்தனை மூட்டை, விலை என்ன என்று ஒருவர் விசாரிக்கிறார். நான் கண்ணாடியை இறக்கி, "ரெண்டாயிரத்துக்குப் போடுப்பா" என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். டீசல் என்று சொல்லவில்லை. இறங்கிப் பார்க்கவும் இல்லை. எனக்கு முன்னால் நின்றது பெட்ரோல் கார்; அதற்குப் போட்ட குழாயையே பையன் என் வண்டிக்கும் எடுத்துவிட்டான். பில்லைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பில்லில் எல்லாம் இருந்தது. 2,000 ரூபாய்க்கு 19.74 லிட்டர். டீசல் 92 ரூபாய்ச் சொச்சம் விற்கும்போது இருபத்தொன்றரை லிட்டராவது வந்திருக்க வேண்டும். தினமும் மூட்டைக்கணக்குப் பார்க்கிறவன் நான். ஒரு பார்வை போதும். பார்த்தது மறுநாள்தான்.

மூன்று கிலோமீட்டர் ஒன்றும் தெரியவில்லை. பில்டரிலும் குழாய்களிலும் கிடந்த பழைய டீசலில் ஓடியிருக்கிறது. சேரன்மகாதேவி தாண்டியதும் இழுவை குறைந்தது. அப்புறம் பானைக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல ஒரு சத்தம். பின்னால் வெள்ளைப் புகை. காருகுறிச்சி எட்டுவதற்குள் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

இங்கேதான் முதல் தப்பு. டீசல் குழாயில் ஏர் பிடித்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். அப்பா காலத்தில் வீட்டில் டீசல் பம்புசெட் இருந்தது. அது நின்றால் ஏர் பிடித்திருக்கும், இல்லையென்றால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கும். மூன்றாவது காரணம் எங்கள் வீட்டில் கிடையாது. பானெட்டைத் திறந்து பில்டர் அடியில் தண்ணீர் இறக்கும் திருகைத் தளர்த்தினேன். கையில் வழிந்தது நெடி அடித்தது, துடைக்கும் முன்பே காய்ந்துவிட்டது. டீசல் அப்படிக் காயாது. அது அப்போது மண்டையில் ஏறவில்லை. கைப் பம்பை அமுக்கி அமுக்கிச் செல்ஃப் அடித்தேன். நாலு தடவை, ஆறு தடவை. பேட்டரி இறங்குகிற வரை அடித்தேன். மொத்தம் பன்னிரண்டு இருக்கும்.

பைக்கை நிறுத்திப் பார்த்த ஒரு பெரியவர்தான், "பெட்ரோல் வாடை வருதே வே" என்றார். சொன்னதோடு நிற்காமல் வைத்தியமும் சொன்னார்: அரை லிட்டர் இன்ஜின் ஆயிலை டேங்கில் ஊற்றி, மேலே டீசல் நிரப்பி ஓட்டினால் சரியாகிவிடுமாம். அவர் லாரி ஓட்டிய காலத்துப் பம்புகள் அதைத் தாங்கியிருக்கலாம். நல்லவேளை, என் பேட்டரி செத்துக் கிடந்தது.

வண்டியை ஒரு குட்டியானையில் கயிறு கட்டி இழுத்துப் போனோம். 600 ரூபாய். இன்ஜின் ஓடாதபோது ஸ்டியரிங்கும் பிரேக்கும் எவ்வளவு கனம் என்பதை அந்த நாலைந்து கிலோமீட்டரில் தெரிந்துகொண்டேன்.

மெக்கானிக் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கேட்ட முதல் கேள்வி எத்தனை லிட்டர் பெட்ரோல் என்பதல்ல.

"எத்தன தடவ செல்ஃப் அடிச்சீய அண்ணாச்சி?"

"ஒரு பத்து, பன்னெண்டு இருக்கும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உச்சுக்கொட்டினார்.

விஷயம் இதுதான். பெட்ரோல் வண்டியில் தவறி டீசல் ஊற்றினால் புகை வரும், பிளக் கறுக்கும், வண்டி நிற்கும். பெரும்பாலும் கழுவி விட்டால் தீர்ந்தது. டீசல் வண்டியில் பெட்ரோல் அப்படியில்லை. பம்புக்கும் நாசிலுக்கும் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பாகம்) தனியாக ஆயில் போவதில்லை. உள்ளே ஓடுகிற டீசலே மசகு. பெட்ரோல் அந்த வழவழப்பைக் கழுவி எடுத்துவிடும். காமன் ரெயிலில் வேலை செய்கிற அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும் (டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார் சொச்சம்). அந்த அழுத்தத்தில் இரும்பும் இரும்பும் வறட்டு வறட்டென்று உரசினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேங்கில் பெட்ரோல் சும்மா கிடப்பதால் ஒன்றும் தேயாது. சாவியைத் திருப்புகிற ஒவ்வொரு தடவையும் தேய்கிறது.

மறுநாள் காலையில் டேங்கைக் காலி செய்தோம். முதலில் நான் மூடி வழியாக ஒரு டியூபை விட்டு உறிஞ்சி எடுக்கப் பார்த்தேன். கழுத்திலேயே வளைவில் முட்டி நின்றுவிட்டது. வாயால் உறிஞ்சலாம் என்று நினைத்தேன் என்பதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பட்டறைப் பையன் ஏர் கூலர் மோட்டாரைக் கொண்டுவந்தான். "ஏல, அதுல ஒரு பொறி வந்தா நம்ம மூணு பேரையும் அள்ளித்தான் எடுக்கணும்" என்று மெக்கானிக் அதைப் பிடுங்கி வைத்தார்.

இன்னொன்றும் அவர் செய்தார். பட்டறையில் அடியில் இறங்கி வேலை பார்க்கிற குழி இருக்கிறது. டேங்க் வேலைக்கு அதுதான் வசதி. ஆனால் வண்டியை அதன் பக்கமே விடவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தங்கும், கண்ணுக்குத் தெரியாது. வெளியே வேப்பமரத்தடியில் ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கினோம். பீடி, போன் எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

டேங்க் அடியில் இருக்கிற போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு டீ குடித்து வந்தோம். அப்புறம் நீளமான பைப்பை ஸ்பேனரில் கோத்து நெம்பியதில் விட்டுக்கொடுத்தது. கீழே தகர டின். மொத்தம் 28 லிட்டருக்கு மேல் இறங்கியது. போல்ட் மட்டத்துக்குக் கீழே ஒரு லிட்டர் போலத் தங்கிவிடும், அது தானாக வராது.

உரக்கடைக்காரன் என்பதால் என்னிடம் ஒரு லிட்டர் அளவுக் குவளையும் எலெக்ட்ரானிக் தராசும் உண்டு. சும்மா இருக்க முடியவில்லை. சுத்தமான டீசல் ஒரு லிட்டர் 820 கிராம். பைக்கிலிருந்து எடுத்த பெட்ரோல் 730. டேங்கிலிருந்து இறங்கியது 760. கணக்குப் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு பெட்ரோல். பில்லில் இருந்த 19.74 லிட்டரோடும், முள் காட்டிய பத்து லிட்டர் பழைய டீசலோடும் பொருந்தியது. வெயில் ஏறினால் எல்லாமே கொஞ்சம் எடை குறையும், அதனால் மூன்றையும் ஒரே நேரத்தில் நிறுக்க வேண்டும். தராசு இல்லாதவர்களுக்கு மெக்கானிக்கின் முறை: வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விடுங்கள். பெட்ரோல் பறந்துவிடும், டீசல் எண்ணெய்க்கறையாக நிற்கும். கலவை என்றால் அவசரமாகச் சுருங்கிப் பாதிக் கறை விடும். ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்டு விளையாடினோம்.

தராசு அடுத்த கட்டத்தில் உண்மையாகவே உதவியது. ஐந்து லிட்டர் டீசல் ஊற்றி, வண்டியை இரண்டு பேர் பிடித்து ஆட்டிக் குலுக்கி இறக்கினோம். லிட்டர் 810 கிராம். இன்னும் ஐந்து லிட்டர் ஊற்றி அதேபோலச் செய்ததில் 818. போதும் என்றார். தராசு இல்லாமல் இருந்திருந்தால் முதல் அலசலோடு நிறுத்தியிருப்பேன். அலசிய பத்து லிட்டருக்கு 930 ரூபாய் ஆனது.

இறக்கியதை எங்கே வைப்பது? இதிலும் ஒரு தப்பு. தகர டின் நிறைந்துவிட்டதால் மிச்சத்தைத் தண்ணீர் கேனில் ஊற்றிக் கடைக்குப் பின்னால் வைத்தேன். காலையில் பார்த்தால் கேன் மங்கி, உடம்பெல்லாம் மெல்லிய கீறல் விட்டிருந்தது. இன்னொரு நாள் வெயில் பட்டிருந்தால் பிளந்திருக்கும், அதுவும் பூச்சிமருந்துக்கும் யூரியாவுக்கும் பக்கத்தில். அலறியடித்து டின்னுக்கு மாற்றினேன். பையன் அதைப் பட்டறை ஓரத்து ஓடையில் கொட்டலாம் என்றான். அந்த ஓடை கன்னடியன் கால்வாயில் சேர்கிறது; என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தண்ணீரில்தான் நாற்று நடுகிறார்கள். கடைசியில் பட்டறைக்குப் பழைய ஆயில் எடுக்க வருகிறவரிடம் சொல்லிக் கொடுத்தனுப்பினோம். பம்புசெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஓட்டினால் என்ன என்று ஆசை வந்தது உண்மை. "அந்தப் பம்புக்கும் டீசல்தான் எண்ணெய்" என்றார் மெக்கானிக். ஆசை போய்விட்டது.

அப்புறம் பில்டர். புதியது 900 ரூபாய். பழையதைத் தூக்கி எறிய மனசில்லை. ஒரு நாள் காயவிட்டு, ஹேக்ஸா பிளேடால் மெதுவாக அறுத்துத் தாளை விரித்துக் காந்தத்தை ஓட்டினேன். ஒரு துகள்கூட ஒட்டவில்லை. பம்பு தப்பித்தது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மெக்கானிக்கிடம் பெருமையாகக் காட்டியபோது சிரித்தார்.

"பில்டரு பம்புக்கு முன்னால இருக்கா, பின்னால இருக்கா அண்ணாச்சி?"

முன்னால்தான். டீசல் டேங்கிலிருந்து பில்டருக்கு வந்து, அப்புறம்தான் பெரிய பம்புக்குப் போகிறது. பம்பு தேய்ந்து உதிர்கிற தூள் ரிட்டர்ன் பைப் வழியாக டேங்குக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மறுபடி வந்தால்தான் பில்டரில் சிக்கும். பெட்ரோலில் ஓடிய அந்தக் கொஞ்ச தூரத்தில் அதற்கு வாய்ப்பு குறைவு. பார்க்க வேண்டியது ரிட்டர்ன் டீசலை. அவர் பைப்பைக் கழற்றி எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்து, வெயிலில் சாய்த்துக் காட்டினார். ஜிகினா மாதிரி மின்னினால் பம்பு போச்சு, நாசில்களும் போச்சு, ஐம்பதாயிரத்தில்கூட நிற்காது என்றார். மின்னவில்லை. காந்தத்திலும் ஒன்றும் ஒட்டவில்லை. நான் பிளேடால் அறுத்த ஒரு மணி நேரம் வீண்.

புதுப் பில்டரில் டீசல் நிரப்பி மாட்டி, காற்று வெளியேறும் திருகைத் தளர்த்தி, கைப் பம்பு கல் மாதிரி இறுகுகிற வரை அமுக்கினோம். அப்பாவின் பம்புசெட்டில் அடுத்து செய்வது நாசில் நட்டைத் தளர்த்திச் சுற்றிவிடுவது. என் கை தானாக 17 நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அங்கே போனது. மெக்கானிக் பட்டென்று தட்டிவிட்டார். காமன் ரெயிலில் அந்த நட்டைத் தொடக்கூடாது. அங்கிருந்து பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்கவேண்டி வரலாம். பழைய பழக்கம் எனக்கு இரண்டாவது தடவையாகக் குழி பறிக்கப் பார்த்தது.

பேட்டரி இரவெல்லாம் சார்ஜில் கிடந்தது. ஐந்து விநாடி செல்ஃப், ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி ஐந்து விநாடி. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் வெள்ளைப் புகை கக்கியது, பக்கத்து வீட்டுக்காரர்கள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். புகை அடங்கியது. ஆனால் நிதானத்தில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ஒரு மெல்லிய தட்டல் மட்டும் நிற்கவில்லை. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியை உருவி மோந்து பார்த்தால் லேசாகப் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கியிருக்கிறது. ஆயிலும் ஆயில் பில்டரும் மாற்றியதில் 2,600. பட்டறைக் கூலி 1,500.

தட்டல் ஒரு வாரம் இருந்தது. மைலேஜும் கொஞ்சம் குறைந்ததுபோலத் தோன்றியது, அதை நான் சரியாக அளக்கவில்லை. அப்போதுதான் பாட்டில் பரிசோதனை செய்தோம். மெடிக்கலில் நாலு சலைன் டியூப், நாலு ஒரே மாதிரி சின்ன பாட்டில். ஒவ்வொரு நாசிலின் ரிட்டர்ன் மூக்கிலும் (மிஞ்சுகிற டீசல் திரும்பி வெளியேறும் இடம்) ஒரு டியூபை மாட்டி, பாட்டிலில் விட்டு, பானெட் ஓரத்தில் வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டோம். நிதானத்தில் சரியாக இரண்டு நிமிஷம். ஊசி போடும் சிரிஞ்சால் அளந்தோம். 22, 24, 21, 58. நாலாவது நாசில் மற்றதைவிட இரண்டரை மடங்கு கசிகிறது. சலைன் டியூப் டீசலில் ஊறினால் கெட்டுவிடும், ஒரு தடவைக்குத்தான் தாங்கும். மொத்தம் நூறு ரூபாய்கூட ஆகாத இந்தப் பரிசோதனையை முதல் நாளே செய்திருக்கலாம். ஒரு வாரம் தட்டலோடு ஓட்டியிருக்க வேண்டாம்.

நாலாவதை மட்டும் கழற்றித் திருநெல்வேலியில் ஒரு டீசல் பம்பு கடைக்குக் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தவர், உள்ளே வால்வு உட்காருகிற இடம் தேய்ந்திருப்பதாகச் சொல்லிப் பாகங்களை மாற்றினார். 5,500. கழற்றி மாட்டின கூலி 1,200, செம்பு வாசர்கள் 160. மாட்டியபின் மறுபடி அளந்ததுதான் தொடக்கத்தில் சொன்ன நாலு எண்கள். பெட்ரோலால்தான் தேய்ந்ததா என்று கேட்டேன். "ஒன்றரை லட்சம் ஓடின நாசிலு. ஏற்கெனவே இளைச்சுப் போயிருந்திருக்கும். நீங்க பன்னெண்டு தடவ அடிச்சதுல படுத்துருச்சு" என்றார். செல்ஃப் அடித்த எண்ணிக்கை அவர் வரைக்கும் எப்படிப் போனதோ, சவம்.

பங்க்கில் பில்லைக் காட்டியபோது முதலில் "நீங்க டீசல்னு சொல்லலையே" என்றார்கள். அது சரிதான். கேமராவைப் பார்த்த பிறகு, பையனும் கேட்கவில்லை என்பது தெரிந்தது. 2,000 ரூபாய்க்கு டீசல் போட்டுத் தந்தார்கள், மற்றச் செலவு உன்பாடு. பையனை வேலையைவிட்டு அனுப்பிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன் பேசிக்கொண்டிருந்தது நான்தானே.

ஆக 13,390-இல் நாசிலுக்கு மட்டும் 6,860. ஆயில் 2,600. வண்டி நின்ற இடத்தில் சாவியை எடுத்துப் பையில் போட்டிருந்தால் இந்த இரண்டும் முழுசாகத் தப்பியிருக்குமா என்றால் சத்தியம் செய்ய முடியாது, அதற்குள் பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறதே. ஆனால் பங்க்கிலேயே பில்லைப் பார்த்திருந்தால் தள்ளி ஓரங்கட்டி, டேங்கை இறக்கி, அலசி, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் முடிந்திருக்கும். அப்படிப் பங்க்கிலேயே கண்டுபிடிக்கிறவர்கள் சாவியை ஆன் நிலைக்குக்கூடத் திருப்பவேண்டாம். பல கார்களில் அந்த நிலையிலேயே டேங்க் மோட்டார் ஓடித் தள்ள ஆரம்பித்துவிடும்.

டேங்க் மூடிக்குள் மஞ்சள் பெயின்டில் டீசல் என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். மூடியைத் திறந்த பிறகு தெரிவதற்கு உள்ளே, தூரத்திலிருந்து தெரிவதற்கு வெளியேயும் ஒன்று. வெளியே எழுதியதில் கை நடுங்கி "டீ" கொஞ்சம் கோணிவிட்டது. நேற்று அதே பங்க்குக்குப் போனேன். அதே பையன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "டீசல்தானே அண்ணாச்சி?" என்று சத்தமாகக் கேட்டான். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.